மீசை வைத்த மிதவை

உங்களில் பலர் இன்னும் கடலில் கால் நனைத்ததில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். நானும் அப்படித்தான் வேலையில் சேர்ந்தேன். பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவளுக்கு அலையைப் பற்றி என்ன தெரியும்? தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் ஏற்றம், நின்றால் வற்றம், அவ்வளவுதான். "கடல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகணும்" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால், "அதுக்கு நீங்க மெஜஸ்டிக் போயி சென்னை பஸ் ஏறணும் மேடம்" என்பார். நம் நிலையத்தைப் பற்றி வெளியான விமர்சனங்களில் அதைவிடச் சரியான ஒன்றை நான் படித்ததில்லை.

கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே உட்கார்ந்துகொண்டு கடலுக்குப் புத்தி சொல்லும் உத்தியோகம் இது. நான் படித்தது சாதாரண பி.எஸ்ஸி. கடலை எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை. கண்டவரையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்கப் போன இடத்தில் பழமொழிகளும் கிடைத்தன, அவற்றையும் விடவில்லை. சமன்பாடு கைவிட்ட பல இடங்களில் அவைதான் கைகொடுத்தன.

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று, ஓய்வு பெற்ற பிறகும் உங்களோடு பேச வரும் என்னிடம் போன வாரம் தேநீர் நேரத்தில் கேட்டீர்கள். அதற்கு ஒரு டிசம்பர் மாதத்தைச் சொல்கிறேன். அந்த மாதம் நம் நிலையம் வங்கக் கடலில் ஒரு புதிய குளிர்நீர்த் திட்டைக் கண்டுபிடித்தது.

எங்கள் பிரிவின் வேலை உங்களுக்குத் தெரியும். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும் இடத்தில் இரை இருக்கும், இரை இருக்கும் இடத்தில் மீன் இருக்கும். அந்த இடம் எது என்று கணித்து, மாலை நாலு மணிக்குள் கடற்கரை ஊர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதில் கையெழுத்துப் போடும் பணி அலுவலர் நான். கடலில் விட்ட மிதவைகள் தாம் இருக்கும் இடம், வெப்பம், காற்றழுத்தம் மூன்றையும் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். உருண்டையாக, ஒரு பெரிய பூசணிக்காய் அளவில் இருக்கும் அவை.

அவற்றில் ஒன்று புதுச்சேரிக்கு வடக்கே ஓரிடத்தில் போய் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. அதன் வெப்பநிலை திடீரென்று ஐந்தாறு டிகிரி குறைந்தது. பக்கத்து மிதவைகளெல்லாம் வெதுவெதுப்பாக இருக்க, இது மட்டும் ஏசி அறையில் உட்கார்ந்த மாதிரி சொகுசாகக் குளிர்ந்திருந்தது.

எங்கள் இயக்குநர் நல்ல மனிதர். அவருக்கு இருந்த ஒரே நோய், எதற்கும் விளக்கம் சொல்லிவிடுவது. மிதவை ஏன் நகரவில்லை? சுழலின் மையத்தில் சிக்கியிருக்கிறது. ஏன் குளிர்ந்தது? அந்தச் சுழல் அடிநீரை மேலே இழுக்கிறது. டிசம்பரில் அங்கே அப்படி இதுவரை நடந்ததில்லையே? அதனால்தான் இது கண்டுபிடிப்பு. காற்றழுத்தம் மட்டும் படுமோசமாக இறங்கி, தொள்ளாயிரத்துச் சொச்சம் என்று காட்டியது. கடலில் அந்த எண் வந்தால் பெரும்புயலின் கண் அங்கே நிற்கிறது என்று பொருள். புயலோ இல்லை. ஆகவே, காற்றழுத்தமானி பழுது. மென்பொருளே அதற்குச் சிவப்புக் குறி போட்டு ஒதுக்கிவிட்டது. மீதியை நாங்கள் நம்பினோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். நாங்கள் நாலாவது காலைப் பழுது என்று எழுதிவைத்துவிட்டு முயலைக் கொண்டாடினோம்.

கொண்டாட்டம் என்றால் சாதாரணமில்லை. நிலையத்து வாட்ஸப் குழுவில் அந்தத் திட்டுக்குப் பெயர் வைக்கப் போட்டி நடந்தது. நிர்வாகப் பிரிவில் ஒருவர் இயக்குநரின் சொந்த ஊர்ப் பெயரை முன்மொழிந்தார். அடுத்த மாதம் அவருக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது, பாவம். டெல்லியிலிருந்து ஒரு குழு வருவதாகவும், அன்றைக்கே பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுப்பதாகவும் முடிவானது.

அந்த நாள் வந்தது. அதே நாளில் வேறொன்றும் வந்தது. பல நாள் கொந்தளிப்புக்குப் பிறகு, மறுநாள் ஒரு பகல் மட்டும் கடல் அடங்கும், இரவில் வடகிழக்குக் காற்று மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று வானிலை சொன்னது. கரையில் கட்டிப்போட்டிருந்த படகுகளுக்கெல்லாம் அந்த ஒரு பகல்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் அடித்தது. செல்வராசு. தெற்கே கடலோரக் கிராமம் ஒன்றில் நம் அறிவிப்பை வாங்கி ஒலிபெருக்கியில் படித்துச் சொல்பவர். முகம் பார்த்ததில்லை, ஆனால் அவர் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை எனக்குத் தெரியும். நம் கட்டடத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மாடி நடைபாதைச் சன்னல். அங்கே போய் நின்றேன்.

"பெங்களூர் அக்கா! நாளைக்கு வடக்க போயிடலாமா? பாண்டிக்கு மேல தண்ணி சில்லுனு கெடக்காமே, வாட்ஸப்புல வந்துருக்கு."

"அதுக்குள்ள யாருய்யா அனுப்பினது?"

"உங்க ஆபீசு பேருதான் போட்டுருக்கு. அவ்ளோ தூரம் போனா திரும்பி வர ராவாயிடும். காத்து வந்துரும். ஆனா நெசமா மீனு இருந்தா போயிடலாம்னு பயலுவ துடிக்கிறானுவ. முன்னால போற போட்ட எம் மருமவன் ஓட்டுறான். கல்யாணத்துக்கு அப்பறம் இப்பத்தான் முதல் தடவையா தனியா."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"நான் என்னத்த நெனைக்க? நீங்க சொன்னா போறோம், சொல்லலன்னா கிட்டக்கவே வலையப் போட்டுட்டு வெளிச்சத்துல திரும்பிடுவோம். நாலு மணிக்குச் சொல்லிடுங்க அக்கா. ஐஸு கட்டணும்."

பேசி முடித்துச் சுவரில் சாய்ந்தேன். முதுகில் ஏதோ இடித்தது. அந்தச் சுவரில் பித்தளை வளையம் போட்ட பழைய காற்றழுத்தமானி ஒன்று தொங்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் அதற்கு மரியாதை. அன்றைக்கு நிலையத்தில் இருக்கும் எல்லாக் கருவிக்கும் சந்தனம், குங்குமம். பெரிய கணினிக்கு எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய். நான் கோயிலுக்குப் போகிறவள் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் பொரி வாங்க முதல் ஆளாக நிற்பேன். அக்டோபரில் பூசிய சந்தனம் கண்ணாடி முழுக்கக் காய்ந்திருந்தது. புடவையில் குங்குமம் ஒட்டிவிட்டதே என்ற எரிச்சலில் கைக்குட்டையால் அதைத் துடைத்தேன். உள்ளே முள் தெரிந்தது.

தொள்ளாயிரத்துச் சொச்சம்.

சொச்சம் உட்பட, அதே எண்.

பெங்களூரில் அந்த முள் வேறெங்கே நிற்கும்? மூவாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்துதான் இருக்கும். பள்ளிக்கூடப் பாடம். மனதில் ஏதோ நெருடியது. என்ன என்று முழுசாகப் பிடிபடவில்லை. வங்கக் கடல் பெங்களூர் உயரத்துக்கு எழும்பி நிற்க முடியாது. அதற்கும் இயக்குநர் ஒரு விளக்கம் வைத்திருப்பார் என்பது வேறு விஷயம்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். பெரிதாகப் பெயர் வாங்காமல் ஓய்வு பெற்றுப் போனார். "ஒரு நம்பர் என்ன சொல்லுதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, அது எங்க உக்காந்துகிட்டுச் சொல்லுதுன்னு கேளு" என்பார். சீட்டுக்கு ஓடிப்போய் அந்த மிதவையின் கணக்கை எடுத்தேன். நாங்கள் பார்த்ததெல்லாம் தினசரி சராசரி. சராசரி என்பது மகா மரியாதையான பொய். தலையை அடுப்பிலும் காலை ஐஸிலும் வைத்தவனைக்கூடச் சௌக்கியம் என்று சொல்லிவிடும். மணிவாரியாகப் பிரித்துப் போட்டால், அந்தக் கடல் விடியற்காலையில் நடுங்குகிறது, மதியம் காய்கிறது, சாயங்காலம் மறுபடி நடுங்குகிறது. காலையில் ஸ்வெட்டர் போட்டு மதியம் கழற்றும் கடலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். தினமும் பஸ் நிறுத்தத்தில்.

சந்தேகம் பலத்தது. சாட்சி இல்லை. மென்பொருள் திருத்துவதற்கு முந்தைய அசல் இருப்பிடம் வேண்டும் என்று கணினிப் பிரிவுக்குக் கேட்டனுப்பினேன். அதன் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். எந்த அலுவலகத்திலும் சாவி வைத்திருப்பவர்தான் விடுப்பில் இருப்பார். நாலு மணி நெருங்கியது. இயக்குநர் கோட்டு போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மேடம், டெல்லி டீம் ஹால்ல உக்காந்தாச்சு. இன்னிக்கு அட்வைஸரியில நம்ம திட்டு மொதல் வரியில வரணும்."

"வராது சார்."

"யாக்கே?"

ஏன் என்று கேட்டார். எங்கோ இடறினால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும்.

"அந்த மிதவை கடல்ல இல்லைன்னு நெனைக்கிறேன்."

"பின்ன எங்க, ஆகாசத்துலயா?"

"ஏறக்குறைய அப்படித்தான் சார். வாங்க, நம்ம நடைபாதை பாரோமீட்டரப் பாருங்க."

"அந்த பூஜை சாமானா? மேடம், மிதவையோட பிரஷர் சென்ஸார் ஃபெயில்னு நாமளே எழுதியாச்சு."

"நாம எழுதினதுதான் சார். அது ஒத்துக்கவே இல்லையே."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "யோசிங்க. திட்டு நெஜமா இருந்து நீங்க சொல்லலைன்னா? இத்தனை நாள் கரையில காஞ்சவங்க, நாளைக்கு ஒரே பகல். அவ்வளவு மீனையும் வேண்டாம்னு சொன்னவங்க நீங்கதான்னு ஆகும். ரிட்டயர்மெண்டுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கு உங்களுக்கு."

நியாயமான பேச்சு. பிள்ளைகளே, நெருக்கடியில் உங்கள் எதிரே நிற்பவர் எப்போதும் முட்டாளாக இருக்க மாட்டார். அப்படி இருந்துவிட்டால் அது நெருக்கடியே இல்லை. இரண்டு தவறுகளையும் எடுத்துத் தராசில் வைத்தேன். திட்டு உண்மையாயிருந்து நான் மறைத்தால், கிராமங்களுக்குக் குறைந்த மீன் கிடைக்கும், எனக்கு நிறைய வசவு கிடைக்கும். திட்டு பொய்யாயிருந்து நான் சொன்னால், வெறுங்கடலைத் தேடி வடக்கே போன படகுகள் இரவுக் காற்றில் திரும்ப வேண்டும். வசவு வீட்டுக்கு வந்துவிடும். படகு வருமா?

திட்டை எடுத்துவிட்டு, கரையோரமே வலை போடுங்கள், வெளிச்சத்தில் திரும்புங்கள் என்று அறிவிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இயக்குநர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். "கைகெ பந்த துத்து பாயிகெ பர்லில்லா" என்றார். கைக்கு வந்த கவளம் வாய்க்கு வரவில்லை என்று அர்த்தம். நல்ல பழமொழி. அந்த நேரத்திலும் அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

செல்வராசுக்குப் போன் செய்தேன். "வடக்க வேண்டாம்."

"சில்லுத் தண்ணி?"

"அத நான் நம்பல."

"ஏன்னு கேட்டா பயலுவளுக்கு என்னக்கா சொல்றது?"

"பெங்களூர் அக்காவுக்குப் பயமா இருக்குன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ ஐஸைக் குறைத்துக் கட்டச் சொன்னார். பிறகு, "சரி, அப்ப நானும் பயந்துக்குறேன்" என்றார்.

அன்று கூட்ட அரங்கில் இயக்குநர் அந்தத் திட்டைப் பற்றி அருமையாகப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கே அங்கே போய் மீன் பிடிக்கலாம் போலிருந்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே என்பார்கள். வண்ணப்படம் போட்டு வடியவிட்டால் மதியும் சேர்ந்து வடிந்துவிடுகிறது. கேள்வி நேரம் தொடங்கும்போது, சாவிக்காரரை வீட்டில் பிடித்துவிட்ட கணினிப் பிரிவிலிருந்து அசல் இருப்பிடம் வந்தது. வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். புள்ளி விழுந்தது நம் பெங்களூரில். ஈஜிபுரா.

நடந்தது இதுதான். துறைமுகத்தின் ஓரத்தில் மிதவை மிதக்கும்போது இருப்பிடம் கொஞ்சம் பிசகி நிலத்தில் விழும். மிதவை நிலத்தில் இருக்க முடியாது அல்லவா? ஆகவே, நிலத்தில் விழுந்த புள்ளியை வங்கக் கடலில் அருகிலுள்ள இடத்துக்கு நகர்த்து என்று மென்பொருளுக்கு யாரோ கட்டளை எழுதியிருந்தார்கள். எவ்வளவு தூரம்வரை நகர்த்தலாம் என்று எழுதவில்லை. கடல்காரர்கள் எழுதிய கட்டளை. உலகத்தில் நிலம் என்பதே ஒரு சிறு பிசகு என்று நம்புகிறவர்கள். மென்பொருள் கீழ்ப்படிந்து ஈஜிபுராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுச்சேரிக்கு அந்தப் பக்கம் இறக்கிவைத்தது. சிவாஜிநகர் தொடங்கி சில்க் போர்டுவரை இந்த ஊர் அனுபவிக்கும் டிசம்பர் குளிரைத்தான் நாங்கள் உலகத்துக்குக் குளிர்நீர்த் திட்டு என்று அறிவிக்க இருந்தோம்.

காகிதத்தை இயக்குநரிடம் நீட்டினேன். படித்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "ஒரு சிறிய கள ஆய்வு மிச்சம் இருக்கிறது" என்று சபைக்குச் சொல்லிப் பத்திரிகைச் செய்தியை நிறுத்திவைத்தார். விளக்கம் சொல்லும் நோய் அன்றைக்கு நல்லதுக்கு உதவியது.

மறுநாள் காலை நானும் அவரும் அந்தக் கள ஆய்வுக்குப் போனோம். ஈஜிபுராவில் கார் நுழையாத சந்து. பாதி கட்டிய மூன்று மாடி வீடு. சாரத்தின் உச்சியில், கயிற்றில் தொங்கிக்கொண்டு, எங்களைப் பார்த்துப் பல்லை இளித்தது எங்கள் மிதவை. சிவந்த கண், கோரைப்பல், காதுவரை முறுக்கிய கறுப்பு மீசை. திருஷ்டி பூதம்.

"இது எங்களோடது" என்றார் இயக்குநர் அண்ணாந்து பார்த்தபடி.

சாரத்திலிருந்து இறங்கிவந்த மேஸ்திரி முருகேசன் கடலோரத்துக்காரர். "உங்களுதா? எந்தம்பி வலையில மாட்டுச்சு சார். நல்லா உருண்டையா இருக்கேன்னு பஸ்ஸுல மடியில வெச்சு எடுத்தாந்தேன். இங்கிலீசுல ஏதோ எழுதியிருந்துச்சு, அது மேலதான் மீசை வரைஞ்சேன்."

"அதுல 'தொடாதே'ன்னு எழுதியிருந்தது."

"மீசையும் அதைத்தான் சார் சொல்லுது."

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா வந்துவிட்டார். ஈஜிபுராவில் பல வருடமாக இருக்கும் தமிழ்க் குடும்பம். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்தார். "பேடாப்பா, வேணாம்! கிருகப்பிரவேசம் முடியாம எறக்கக் கூடாது. இது ஏறின நாள்லருந்து ஒரு ஆளுக்கும் அடிபடல. அக்கம்பக்கத்துக் கண்ணு எல்லாம் அது மேலதான் போவுது."

"அம்மா, அது விஞ்ஞானக் கருவி. திருஷ்டி எல்லாம் மூட..." என்று இயக்குநர் ஆரம்பித்தார்.

"சார்," என்றேன் மெதுவாக, "நம்ம கம்ப்யூட்டர் மேல இருக்கற எலுமிச்சம்பழம்."

அவர் மீதி வார்த்தையை விழுங்கினார். பிறகு நடந்த பேரத்தை இப்போதும் நினைத்து நினைத்துச் சிரிப்பேன். நாட்டின் மூத்த கடல் விஞ்ஞானிகளில் ஒருவர் ஈஜிபுரா சந்தையில் ஒவ்வொரு பூசணிக்காயாகத் தட்டிப் பார்த்து வாங்கினார். "மிதவை சைஸுக்குச் சரியா வருமா மேடம்?" என்று என்னிடம் கேட்டார். முருகேசன் அதற்கும் மீசை வரைந்தார். பூசணிக்காய் மேலே போனது, மிதவை கீழே வந்தது. நிலையத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அது இயக்குநர் மடியில் உட்கார்ந்து, சிக்னலில் நின்ற ஸ்கூட்டர்காரர்களையெல்லாம் முறைத்துக்கொண்டே வந்தது.

அவரும் விட்டுவிடுகிற ஆள் இல்லை. அடுத்த கருத்தரங்கில், 'கடல் மிதவைகளின் வழி பெருநகர வெப்பநிலை அளவீடு: ஒரு முன்னோட்டம்' என்று கட்டுரை வாசித்தார். நல்ல கைதட்டல்.

அது கிடக்கட்டும். ஈஜிபுரா போன அன்று பகல் முழுக்க என் காது போனிலேயே இருந்தது. மீன் கிடைக்காமல் போயிருந்தால் என்ன என்பதல்ல என் கவலை. யாராவது ஒரு பயல், அக்கா பேச்சைத் தட்டிவிட்டு வடக்கே போயிருந்தால்? வெயில் சாயும் நேரத்தில் செல்வராசு கூப்பிட்டார். பின்னால் காற்று விசிறும் சத்தம்.

"காத்து சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துருச்சு அக்கா."

"மருமகன்?"

"இந்தா, எதுக்கத்தான் வலைய ஒதறிக்கிட்டு நிக்கிறான். மூஞ்சிய உர்ருனு வெச்சிருக்கான். மீனு ஏதோ சுமாராத்தான். 'அந்த அக்கா பேச்சக் கேட்டுப் பெரிய மீன்பாட்ட விட்டோம்'னு ஒரே பொலம்பல்."

"பொலம்பட்டும்யா."

"பொலம்பட்டும், பொலம்பட்டும். கரையில நின்னு பொலம்பறானே, அது போதும்."

பிள்ளைகளே, நம் வேலையில் சரியான முடிவுக்குக் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கரையில் பத்திரமாக நின்றுகொண்டு நம்மைத் திட்டுவார்கள். அதைக் காதாரக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாலை மரியாதை எதிர்பார்த்தால் நடைபாதையில் இருக்கும் காற்றழுத்தமானி மாதிரி வருடத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கும்.

இப்போது மென்பொருள் எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்பதற்கு எல்லை வைத்திருக்கிறார்கள். நடைபாதைக் காற்றழுத்தமானியின் கண்ணாடியைத் துடைக்கும் வேலை எனக்குப் பிறகு யாருக்கும் எழுதித்தரப்படவில்லை. நீங்களாகப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள். மிதவையைச் சுத்தம் செய்து மறுபடி கடலில் விட உத்தரவு வந்தது. மீசையை அழிக்க ஆய்வகத்தில் யாரும் முன்வரவில்லை. அழித்தவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? டாக்டர் பட்டம் வாங்கிய பிள்ளைகள்தான், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோரைப்பல்லோடு அது கப்பல் ஏறியது.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், காக்ஸ் டவுன் சந்தையில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செல்வராசின் மருமகன். நடுக்கடலிலிருந்து வந்த குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"பெரியம்மா, இங்க தண்ணியில ஒரு பூதம் மெதக்குது. மீசை வெச்சிருக்கு. மாமா உங்களைக் கேக்கச் சொன்னாரு. உங்களுதா?"

"எங்களுதுதான் தம்பி. எடுத்துறாதீங்க."

"எடுக்கறதா? அது முறைக்கிற முறைப்புல, நாங்க வலையவே வேற பக்கம் மாத்திப் போட்டுட்டோம்."